அண்ணன் சொன்ன இத்தாலி

எங்கள் அண்ணன் பிறந்தது அலோனில், படகுத்துறைக்குப் பின்னால் இருந்த தகர வீட்டில். மிஷன் பள்ளியில் எழுத்தராக இருந்த அப்பா காலமானதும் அண்ணன் படிப்பை விட்டுக் கப்பல் வேலைக்குப் போனார். தங்கையையும் என்னையும் ஆளாக்கினார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அடக்கத்துக்கு வந்த உங்களுக்கு இதெல்லாம் தெரியும். நீங்கள் காதில் போட்டுக்கொள்ளாத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

லிபியாவில், பெங்காசித் துறைமுகத்தில், அவருடைய கப்பல் எஞ்சின் பழுதாகி மாதக்கணக்கில் நின்றது. அங்கே வாயிற்காவலர் ஃபராஜ் என்ற முதியவர். இத்தாலி அந்த நாட்டை ஆண்டபோது, மலைப்பக்கத்து மேய்ப்பர் குடும்பங்களை மந்தையோடு பாலைவனத்துக்கு ஓட்டி முள்கம்பிக்குள் அடைத்தது. எதிர்த்துச் சண்டையிட்டவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். ஃபராஜ் அப்போது சிறுவர். ஆடுகள் செத்தன. பிறகு தாய், தம்பிகள். அவர் மட்டும் உயிரோடு வெளியே வந்தார்.

"ஊருக்குப் போனதும் நாலு பேருக்குச் சொல்றேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்டா" என்பார் அண்ணன்.

ஊருக்குத் திரும்பியதும் போட்டாதாங் டீக்கடையில் சொன்னார். ராணுவம் ஊர்வலங்களைச் சுட்டு அடக்கிய எண்பத்தெட்டுக்குப் பிந்திய காலம். வாயைத் திறக்கவே எல்லோரும் பயந்தார்கள்.

"இத்தாலிக்காரன் ரோடு போட்டான், பாலம் கட்டினான். ஆளை வேலிக்குள்ள அடைச்சுட்டு யாருக்குய்யா ரோடு?"

"அண்ணே, மெதுவா. எந்த இத்தாலின்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று கடையில் இருந்தவர்கள் கண்ணடித்தார்கள்.

"மேப்புல இருக்கிற இத்தாலிடா, மடையா!"

"ஆமாமா, பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதுதானே?"

கடையே சிரித்தது. சிரிப்பு போகக்கூடாத காதுக்குப் போயிற்று. ராணுவத்தார் அண்ணனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அங்கேயும் அவர் இத்தாலி என்றால் இத்தாலிதான் என்றார். திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. கண்ணடித்தவர்கள் வந்து, "தலைவரே" என்று கைகுலுக்கினார்கள். அடியைவிட அதுதான் அவருக்கு வலித்தது. அதன்பின் டீக்கடைக்கே போகவில்லை.

கடைசி நாட்களில், ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருந்த தங்கை வீட்டில் படுத்திருந்தபோது கேட்டார்: "அந்தப் பெரியவரப் பத்தி ஒருத்தனாவது கேட்டானாடா?"

"இல்லண்ணே."

"சரி, விடு."

நல்லடக்கத்தன்று பாதிரியாரிடம் சொல்லி, மன்றாட்டில் ஃபராஜ் பெயரையும் வாசிக்க வைத்தேன். வெளியே வந்ததும் உறவினர் ஒருவர் என் கையைப் பிடித்து, "யாருப்பா அது? வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளா?" என்று கிசுகிசுத்தார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஃபராஜ் ஒரு காவலாளி. அவர் தாய் முள்கம்பிக்குள் செத்தார். அவ்வளவுதான். அதற்குள் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கிய தோள்களுக்கும், வந்தவர்களுக்குச் சமைத்துப்போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், அண்ணன் இருமும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்த தங்கைக்கும் நன்றி. கண்ணடிக்காமல் இதைப் படித்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு அண்ணன் சார்பில் தனியாக நன்றி.