பிங் போட்டுப் பார்க்கிறேன், கொஞ்சம் இருங்க

நெட்வொர்க் பழுது பார்க்கப் போகிறவளுக்கு எந்த வீட்டிலும் காபி கிடைக்கும். அதைச் சூடாகக் குடிக்கத்தான் கொடுத்து வைத்திருக்காது. ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டு அலுத்துப்போன என் சக பாவிகளே, திருச்சியில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகும் எனக்கு மௌஸைவிட அந்தக் கறுப்பு ஜன்னல்தான் சௌகரியம். கமாண்ட் பிராம்ட் என்பார்கள். அதில் 'பிங்' என்று அடித்து ஒரு முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்டுப் பார்க்கும். இருந்தால் வரிசையாகப் பதில் வரும். இல்லாவிட்டால், காத்திருந்தேன், வரவில்லை என்று கைவிரிக்கும். என் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்.

பேர் தெரியாத கம்ப்யூட்டர்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமா, மாமி. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பேரனுக்கு அன்றைக்கு அங்கே நாமகரணம். அங்கே காலை, இங்கே சாயங்காலம். நான் போனபோது மாமி மடிசாரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், நெட் இல்லாமல். "மொபைல்ல பாக்கலாமே மாமி" என்றேன். "அந்தத் துளியூண்டு டப்பால கொழந்தை மொகம் என்ன தெரியும்?" என்றார்.

ஒரு இணையதளத்தின் எண் முகவரியைக் கொடுத்து பிங் போட்டால் பதில் வந்தது. அதன் பெயரைக் கொடுத்தால், அப்படி யாரும் இல்லை என்றது. பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தர ஒரு சர்வர் உண்டு. அதன் முகவரியை முன்பு யாரோ இந்தக் கம்ப்யூட்டரில் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த சர்வர் இப்போது வாய் திறப்பதில்லை. மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தபடி, "வாத்தியார் சங்கல்பம் ஆரம்பிச்சுட்டாராம்" என்றார். ஒரு கமாண்டில் அந்த முகவரியை நீக்கி, ரௌட்டர் தருவதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

திரையில் குழந்தை வந்தது; கொட்டாவி விட்டது. மாமா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, என்ன கோளாறு என்று மாமி கேட்டார். நம்பரெல்லாம் அதற்குத் தெரிந்தது, பேர்தான் தெரியவில்லை என்றேன்.

"பேர் வெக்கற நாளாப் பாத்தா இதுக்குப் பேர் மறந்து போகணும்?"

உட்கார்ந்தால் போச்சு

அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் நெட் வரும், போகும். நானும் என்னோடு வேலை பார்க்கும் அந்தோணியும் போனோம். பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் "வருது, வருது, போச்சு" என்று சொல்ல, அவர் கேபிளைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தார். பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கணக்கர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், "வருது." திரும்பி வந்து உட்கார்ந்தார், "போச்சு." மறுபடி எழுந்திருக்கச் சொன்னேன். "வருது." மேஜைக்கடியில் இருந்து அந்தோணி சிரிப்பது கேட்டது. நாற்காலிக் கால் சரியாகக் கேபிளின் மேல் நின்றுகொண்டிருந்தது. கேபிளை மாற்றிச் சுவரோரமாக இழுத்து அடித்தோம். கணக்கர் முதலாளியைப் பார்த்து முறையிட்டார்:

"நான் சீட்ல உக்காரவே மாட்டேங்கிறேன்னு திட்டுவீங்களே, பட்டறை நல்லதுக்குத்தான் சார் உக்காரல."

புது அட்ரஸ்

மன்னார்புரத்தில் ஒரு பெண்ணுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. படிப்பு முடித்து வெகுநாளாகத் தேடி, கடைசிச் சுற்று வரை போனது இந்த ஒன்றுதான். அரை மணி நேரத்தில் ஆரம்பம். முதல் நாள்தான் வீட்டில் ரௌட்டரை மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரோ பழைய ரௌட்டர் கொடுத்த முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் 'ரிலீஸ்' கமாண்ட் கொடுத்தேன். முகவரி இருந்த இடம் காலியானது. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இருந்ததும் போயிடுச்சே." அவள் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'ரினியூ' அடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்ப நேரம். பிறகு புது முகவரி வந்து உட்கார்ந்தது.

இன்டர்வியூ முடியும்வரை நானும் அம்மாவும் மிக்ஸிகூடப் போடாமல் சமையலறையில் நின்றோம். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, "எடுத்துட்டாங்கம்மா" என்று அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். கிளம்பும்போது விருதுநகரிலிருந்து கல்யாணமாகி வந்த அந்த அம்மா என்னிடம் சொன்னார்:

"இருந்த அட்ரஸை நீங்க எடுத்தப்ப நான் பயப்படலைங்க, கல்யாணத்தப்ப எனக்கும் அதையேதானே பண்ணாங்க."

ரைட் டைம்

பொன்மலையில் ரயில்வே கன்ட்ரோல் ரூமில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நெட் மெதுவாக இருக்கிறது என்று தினமும் போன். ஒருநாள் பொறுக்க முடியாமல் போனிலேயே பிங் போடக் கற்றுக்கொடுத்தேன். பதில் வருகிற நேரம் ஒவ்வொரு வரியிலும் மில்லிசெகண்டில் இருக்கும், சின்ன எண்ணாக இருந்தால் நல்லது என்றேன். அவர் குரலே மாறிவிட்டது. "அப்படின்னா இது வண்டி வந்து சேர்ற டைம்மா" என்றார்.

அதற்குப் பிறகு புகார் இல்லை. ஆனால் போன் நிற்கவில்லை. காலையில் நான் வண்டியை வெளியே எடுக்கும்போது சரியாகக் கூப்பிடுவார்.

"இன்னைக்கும் ரைட் டைம்தாம்மா, நீங்க மத்தவங்களப் போய்ப் பாருங்க."

எனக்குத் தெரிந்த கமாண்டுகள் மொத்தமே ஏழெட்டுதான் என்பதை வெளியில் சொல்லிவிடாதீர்கள், ஊரில் பாதிப் பேர் இன்னும் என்னைப் பெரிய இன்ஜினியர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.