சாக்பீஸ் சுவர்

நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய தெருக்களில் அவள் தைத்த திரை தொங்காத வீடு குறைவு. எல்லோருக்கும் அவள் திரைக்காரக்கா. வயது நாற்பத்தாறு. இரண்டு பஸ் மாறிப் போனால் தம்பி வீடு. அங்கே கூடத்தில் தையல் மெஷினுக்கும் சோபாவுக்கும் நடுவே அவள் படுக்கை.

அந்தப் பழைய தெருக்களில் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்பதுதான் விதி. இந்த வருடம்தான் தளர்த்தினார்கள். முகப்பைத் தொடாமல் உள்ளே நான்கு சின்ன வீடுகளாகப் பிரித்துக்கொள்ளலாம், அதிகாரி வந்து பார்த்துச் சம்மதித்தால். படி ஏற முடியாமல் பன்னிரண்டு வருடமாக மாடியைப் பூட்டி வைத்திருந்த பல் டாக்டரம்மா முதல் ஆளாக மனுப் போட்டார்.

"மாடியில தெருப்பக்கத்து வீடு உனக்குத்தான். தினம் ரெண்டு பஸ் ஏறி இடுப்பை ஒடிச்சுக்காதே" என்றார்.

கொத்தனார் மாடித் தரையில் சாக்பீஸால் சுவர்களை வரைந்தார். கதவு வரும் இடங்களில் கோட்டில் ஓர் இடைவெளி. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அவள் அங்கே போய்விடுவாள். இடைவெளி வழியாகத்தான் உள்ளே நுழைவாள். அடுப்பு வரப்போகும் மூலையில் சும்மா நிற்பாள். மாலை வெயில் மட்டும் கோடுகளை மதிக்காமல், எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் வந்து உட்காரும்.

கனத்த துணிக்கு உடனே ஓரம் அடித்தால் பின்னால் தொய்ந்து தரையைப் பெருக்கும். ஒரு வாரம் ஜன்னலில் தொங்கவிட்டு, இறங்குகிற மட்டும் இறங்கவிட்டு, பிறகுதான் மடித்துத் தைக்க வேண்டும். எந்த வீட்டுத் திரையானாலும் அவள் அப்படித்தான் செய்வாள். தன் வீட்டுக்கும் அப்படியே செய்தாள். அனுமதி இன்னும் வரவில்லை என்பது அவள் நினைவிலேயே இல்லை.

எதிர்வீட்டுத் தலைமையாசிரியர், ஓய்வுபெற்றவர், ஜன்னலில் திரை ஆடுவதைப் பார்த்தார். அனுமதிக்கு முன்பே ஆள் குடியேறிவிட்டதாக எழுதிப் போட்டார்.

அதிகாரி வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியரும் வந்தார். "யாராவது குடியிருந்தா மனுவைத் தள்ளிட வேண்டியதுதான்மா" என்றபடி அதிகாரி நேராக நடந்தார். அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"சார், சார்! அது சுவரு. வாசல் இந்தப் பக்கம்."

தூக்கிய காலோடு அதிகாரி நின்றார். கீழே பார்த்தார். திரும்பி, சுற்றிக்கொண்டு, இடைவெளி வழியாக வந்தார். நெட்டையான தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டே நுழைந்தார்.

"இங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல சார். துணி மட்டும்தான் தொங்குது. ஓரம்கூட அடிக்கல, குண்டூசி பாருங்க."

பாத்திரம் இல்லை, படுக்கை இல்லை. தரைத் தூசியில் ஒரு ஜோடிச் செருப்புத் தடம் மட்டும் பல நாளாகப் போய் வந்திருந்தது. அதிகாரி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கோட்டைக்கூடத் தாண்டலையேம்மா?"

"வீட்டுக்குள்ள யாராவது சுவரேறிக் குதிப்பாங்களா சார்?"

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். "பன்னெண்டு வருஷம் இருட்டாக் கிடந்த ஜன்னல். திடீர்னு திரை ஆடவும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

"பேய்க்கு நாலு குடும்பம் தேவலை வாத்தியாரே!" என்று கீழிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது.

ஒரு மாதத்தில் அனுமதி கிடைத்தது. கோடு போட்ட இடத்திலேயே செங்கல் சுவர்கள் எழுந்தன. குடிவந்த அன்று அவள் கதவின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, பூட்டு சிக்கிக்கிச்சா?" என்றார் கொத்தனார்.

"இல்லப்பா. இத்தனை நாளா சாவி தேவைப்படல."

உள்ளே போனாள். திரை இரண்டு விரல் இறங்கியிருந்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊசியில் நூல் கோத்தாள்.