மெல்லிய வட்டத் தூரிகை ஒன்று வாங்கப் போனது

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நீர்வண்ணப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. என் மனைவி எழுதியது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் பழைய மாரியம்மன் திருவுருவம் அதில் இருக்கிறது. பலாமரத்தில் செதுக்கிய சிறிய உருவம். சிவப்புச் சேலை, வேப்பிலை மாலை, எண்ணெய்ப் பிசுக்கேறிய பீடம், பின்சுவரில் கர்ப்பூரக் கரி எல்லாம் உள்ளபடியே அமைந்திருக்கின்றன. முகம் மட்டும் கண்ணோ மூக்கோ வாயோ இன்றி, ஒரே சீரான மஞ்சளாக நிற்கிறது. வருவோர் அதனை மஞ்சட்காப்பு அலங்காரம் என்று எண்ணிப் பாராட்டுகின்றனர். மனைவி மறுப்பதில்லை. நான் அப்போதெல்லாம் ஏதேனும் ஒரு வேலையை நினைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவேன்.

அந்த முகம் எழுதப்படாமற் போனதற்கு நானே காரணம்.

பலாங்கொடைக்கு மேலே, பேருந்து ஒரு மணி நேரம் ஏறிச் செல்லும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று நான் சொல்வது கூட ஓர் உரிமைக்காகத்தான். அங்கே பிறந்தவள் என் மனைவி. நான் எஹலியகொடைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, தமிழாசிரியனாக அங்கு வந்து, அவளை மணந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன். அவள் முப்பது ஆண்டுகள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். அதன் சுவர்களில் கரித்துண்டால் யானையும் கிளியும் வரைந்து பழகிய கை அவளுடையது. அவள் ஓய்வு பெற்றபின், கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் ஒரு வண்ணப் பெட்டியும் சில தூரிகைகளும் அனுப்பினாள். அன்றிலிருந்து மனைவி நாள்தோறும் படம் எழுதினாள். நான் அதனைப் பொழுதுபோக்கு என்றே பலரிடமும் சொல்லி வந்தேன். அவள் காதுபடவும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் அம்மனின் மரத் திருவுருவில் நெற்றியிலிருந்து இடக்கன்னம் வரை விரிசல் கண்டது. புதிய கருங்கற் சிலை நிறுவுவதென்றும், திருவிழாவின் இறுதி நாளான வெள்ளிக்கிழமை பிற்பகல் பழைய உருவை ஆற்றில் விடுவதென்றும் தோட்டத்தார் தீர்மானித்தனர். மூலவரைப் படம்பிடிக்கும் வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். எனவே அந்த முகம் ஒருமுறை நீரில் மூழ்கிவிட்டால் பிறகு எவரும் எங்கும் காண இயலாது. மனைவி பூசாரியிடம் போய், பார்த்து வரைந்துகொள்ளலாமா என்று கேட்டாள்.

“போட்டோன்னா வேணாம்க்கா. கையால வரையிறதுன்னா சரி, அம்மனே ஒக்காந்து குடுக்கிற மாதிரிதான். உச்சிப் பூசை முடிஞ்சி ஒரு மணி நேரம் தொறந்து வைக்கிறேன். ஆனா காப்புக் கட்டிக்கிட்டு வரையுங்க” என்றார் அவர்.

அவள் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவர் ஊன் உண்ணார். விலங்கின் உடலிலிருந்து எடுத்த எதனையும் தொடார். திருவிழா முடியுமட்டும் தோட்டத்து எல்லையைத் தாண்டார். இந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். அத்திருவிழாவைப் பற்றி நானே ஒரு மலருக்குக் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமைக்குள் முகம் தவிர மற்றெல்லாம் முடிந்திருந்தது. முகத்துக்கு அடிப்பூச்சாக மஞ்சளை நீர்க்கக் கலந்து பூசி உலரவிட்டிருந்தாள். அன்று காலை பார்த்தபோது அவளுடைய ஒரே நல்ல தூரிகையின் முனை இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடு விழுந்தது. அவளோ எல்லை தாண்ட இயலாது. காப்புக் கட்டாத நான் பட்டணத்துக்குப் புறப்பட்டேன்.

“என்னங்க, மறந்துடாதீங்க. நைலான் முடி. வட்டமா இருக்கணும், முனை ஊசி மாதிரி. மெத்துனு இருக்கணும். முரடா இருந்தா அடியில பூசுன மஞ்சளைக் கிளப்பிக்கிட்டு வந்துடும். கன்னத்துல தடவிப் பாருங்க, பட்டதே தெரியக்கூடாது.”

“இந்த வயதில் பிளாஸ்டிக் முடியா கேட்கிறாய்?”

“ஆமா, பிளாஸ்டிக் முடிதான். ஒங்க தலையில இருக்கிறத விட அதுல ஜாஸ்தி. வாத்தியாரு எழுதிக்கிட்டீங்களா, இல்ல நான் கரும்பலகையில போடணுமா?”

நான் எழுதிக்கொள்ளவில்லை.

சந்தைத் தெருவில் எழுதுபொருட்கடை வைத்திருக்கும் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ஆசிரியனாயிருந்த காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். வேலைக்கு நின்ற சிங்களப் பெண்ணைத் தங்கை முறை வைத்து, “நங்கி, அந்த பிரஷ் டப்பாவக் கொண்டு வாங்க” என்று அழைத்து, இரு தூரிகைகளை என் முன் எடுத்து வைத்தார். ஒன்று செம்பழுப்பு நைலான் முடி. மற்றது கருமை கலந்த அணில் முடி. பட்டுப்போன்ற அதன் அடிப்பகுதி பருத்து, முனை மெலிந்து, ஒரு தாமரை மொட்டை ஒத்திருந்தது.

“படம் வரையிறவங்களுக்கு இந்த நைலான்தான் லேசு மாஸ்டர். தண்ணியில தோய்ச்சி இழுத்த ஒடனே கூராகி நிக்கும். அணில் முடி தண்ணி நல்லாக் குடிக்கும், ஆனா வளஞ்சா வளஞ்ச மாதிரியே கிடக்கும். என்ன படம் வரையிறாங்க?”

“கோயில் படம். அம்மன் திருமுகம்.”

அவர் அணில் முடித் தூரிகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அப்படீண்டா இது வேணாம். திருவிழா நேரம் நீங்க விரதம் புடிக்கிற தானே? எங்களுக்குப் பன்றி முடிச் சாமான் எப்படியோ, அதே மாதிரித்தானே ஒங்களுக்கும். வேணும்ண்டா வீட்டுக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேளுங்களேன்.”

அன்புடன் கூறிய சொல் அது. என் மனைவி செய்யும் ஒரு வேலையை எனக்கு முன்னரே புரிந்துகொண்ட சொல்லும் கூட. எனக்கோ, என் சமய ஒழுக்கத்தை இன்னொருவர் எனக்கு எடுத்துரைப்பதா என்றிருந்தது. அத்துடன் வேறொன்றும் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அவளுடைய படங்களைப் பொழுதுபோக்கு என்று சொன்ன வாயை, இருப்பதிற் சிறந்த ஒன்றை வாங்கிக் கொடுத்து மாற்றிக்கொள்ள விரும்பினேன். செயற்கை முடியைச் சிறந்தது என்று எண்ண என் மனம் ஒப்பவில்லை. இரண்டையும் கன்னத்தில் தடவிப் பார்த்தேன். இரண்டுமே மென்மையாகத்தான் இருந்தன. அழைத்துக் கேட்கத் தேவையில்லை என்று கூறி, அணில் முடித் தூரிகையை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து, அதனை நானே உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். இது நைலான் அன்று, அணில் முடி, இயற்கையானது என்று பெருமையுடன் சொல்லவும் செய்தேன். வாங்க நீண்ட அவள் கை அப்படியே நின்று, பின்வாங்கியது.

“காப்புக் கட்டியிருக்கேன்னு தெரியும்ல?”

என் தவறு அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதனை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றே மாலைப் பேருந்தில் திரும்பிப் போயிருக்கலாம். மாறாக நான் வாதிட்டேன். பால் விலங்கிலிருந்து வரவில்லையா, கோயில் மேளத்தில் தோல் இல்லையா, அணிலைக் கொன்றா முடியெடுத்திருப்பார்கள் என்றெல்லாம், வகுப்பில் நின்று விளக்குவதுபோல் விளக்கினேன்.

“மேளம் வெளிய நிக்குதுங்க. இது அவ மொகத்துல படுமே” என்றாள். பிறகு, “நாளைக்குப் போயி மாத்திட்டு வந்துடுறீங்களா?” என்று கேட்டாள்.

“பார்ப்போம்” என்றேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. உடல்நலக் குறைவோ மழையோ காரணமில்லை. காலைப் பேருந்து வந்து திரும்பிச் சென்ற ஒலி கேட்டது. நான் ஒரு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அவள் மறுபடியும் கேட்டால் போகலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. நண்பகலில் படத்தையும் பலகையையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சிறிது நேரம் கழித்து நானும் அந்த வழியே சென்று, வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வண்ணப் பெட்டி மூடியே இருந்தது. அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, அம்மனைப் பார்த்தபடி அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். நான் வந்து நின்றதை அவளுக்குக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். அன்றும் முதற் பேருந்தை விட்டு, பதினொரு மணிப் பேருந்தில்தான் ஏறினேன். பட்டணத்தை அடையும்போது, கடை பள்ளிவாசல் தொழுகைக்காக மூடப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் அக்கடை மூடியிருக்கும் என்பதை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவன் நான். படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். தொழுது, பகலுணவும் முடித்துத் தொப்பியுடன் திரும்பி வந்த முதலாளி என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார்.

“அன்னைக்கே சொன்னேன் தானே மாஸ்டர்” என்றார். குத்திக்காட்டும் குரலில் அல்ல. என்னைவிட அவரே வருந்தியது போலிருந்தது. நீர் படாத அந்தத் தூரிகையை வாங்கிக்கொண்டு, நைலான் தூரிகையைத் தாளில் சுற்றித் தந்தார். “ஓடுங்க, மூணு மணி பஸ் போயிரும்.”

பேருந்து கடைசி வளைவில் ஏறும்போது கீழே ஆற்றங்கரையிலிருந்து மேளம் கேட்டது. கோயிலடியில் நான் இறங்கியபோது ஊர்வலம் திரும்பி ஏறி வந்துகொண்டிருந்தது. பெண்களின் சேலைகள் முழங்கால் வரை நனைந்திருந்தன. அவர்களிடையே வந்த என் மனைவி என்னைக் கண்டு ஒதுங்கி நின்றாள். தாளைப் பிரித்து, தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“நல்லாருக்குங்க. இதுதான் நான் சொன்னது.”

அவள் ஏசியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். வீட்டை நோக்கி நடக்கையில், பிறந்தது முதல் பார்த்த முகந்தானே, நினைவிலிருந்து எழுதலாமே என்றேன்.

“பாத்து எழுதினா அவ மொகம். நெனச்சு எழுதினா என் மொகமாப் போயிடும்” என்றாள். சற்றுத் தூரம் சென்றபின், “எடக்கண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கும். எவ்வளவு எறங்கியிருக்கும்னு இப்பவே சந்தேகமா இருக்கு” என்றாள்.

அந்தத் தூரிகையால் அவள் இன்றும் எழுதுகிறாள். மழைக்காலத்து மலை, பாகற்பந்தல், வாசலில் உலரும் மிளகாய். முதலாளி சொன்னது உண்மை. எத்தனை முறை தோய்த்தெடுத்தாலும் அதன் முனை ஒன்றாகக் கூடி நிற்கிறது. முன்னறைப் படத்தை மட்டும் அவள் பின்னர் தொடவேயில்லை. மாட்டியது நான். கழற்றவா என்று ஒருமுறை கேட்டேன், இருக்கட்டும் என்றாள்.

சென்ற மாதம் சிறு தூரிகை ஒன்று வேண்டியிருந்தது. காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு பையுடன் வாசலுக்கு வந்தாள். நான் போய் வாங்கி வருகிறேன், இம்முறை எழுதிக்கொள்கிறேன் என்று கூறிக் கண்ணாடியைத் தேடினேன்.

“வேணாங்க, வெயிலா இருக்கு. நானே போயிட்டு வந்துடுறேன்” என்றாள்.

பேருந்து வரும்வரை அவளுடன் பாதையோரம் நின்றேன். அவள் ஏறி, சன்னலோரம் அமர்ந்து, நான் வீட்டுக்குப் போகலாம் என்று கையசைத்தாள்.