வெள்ளிக்கிழமைச் சோற்றில் மின்னியது

செலியமேட்டுச் சிவப்பிரகாசத்துக்கு நிலம் இருந்தது, கரும்பு இருந்தது, யார்மேலும் நம்பிக்கை மட்டும் இல்லை. மனைவி கனகாம்பாளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒருநாள் அவள் அரிசிமாவில் கோலம் போடுவதைப் பார்த்துவிட்டு, "எறும்புக்குக் கொட்டவா நான் நெல்லு வெளைக்கிறேன்?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். அவள் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரும் அத்தோடு அதை மறந்துவிட்டார்.

1936இல் புதுச்சேரியில், ஊர் திரும்பும் துரை ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒரு மிக்ரோஸ்கோப்பை இவர் எடுத்து வந்தார். கண்ணுக்குத் தெரியாத பொடியையும் பெரிதாக்கிக் காட்டும் பித்தளைக் குழாய். இவர் கையில் இது கிடைத்தால் ஊர் உருப்படுமா? உப்பைப் பார்த்தார், வெல்லத்தைப் பார்த்தார். மஞ்சள்தூளைப் பார்த்துவிட்டு மளிகைக்கடைக்காரரோடு பேச்சையே நிறுத்தினார்.

அந்த ஐப்பசியில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. வைத்தியர் கொடுத்த கஷாயத்தின் மேலும் சந்தேகம்தான். ஒரு வெள்ளிக்கிழமை, தட்டில் மிஞ்சிய சோற்றைக் கழுவி, அடியில் தங்கியதைக் குழாயின் கீழ் வைத்துப் பார்த்தார். கூர்கூராய்ச் சில்லுகள் மின்னின. மறுநாள் சோற்றில் ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் சில்லு. கண்ணாடியை அரைத்துப் போடுகிறாள் என்று முடிவுகட்டி, வீட்டுச் சாப்பாட்டையே விட்டார். வாழைப்பழமும் இளநீரும்தான் ஆகாரம்.

அவள் குளத்துக்குப் போன நேரம் சமையலறையைக் குடைந்தார். அடுப்புக்குப் பின்னால், கொட்டாங்கச்சி நிறைய வெள்ளைப் பொடி. குழாயில் பார்த்தால் அதே சில்லுகள். தெருவையே கூட்டிவிட்டார்.

"என்னக் கொல்லப் பாக்கறா. வந்து பாருங்க."

அடுத்த வீட்டு விருத்தாம்பாள் குழாய்ப் பக்கமே போகவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். "இது கோலமாவு அண்ணே. வெள்ளக்கல்லு இடிச்சது. எங்க வூட்லயும் இதான்."

"கோலம் அரிசி மாவுலதான போடுவா?"

குடத்தோடு வந்து நின்ற கனகாம்பாள் அப்போதுதான் வாய் திறந்தாள். "அரிசி மாவு வாணாம்னு நீங்கதான சொன்னீங்க. வெள்ளிக்கெழம அடுப்புக்குக் கோலம் போட்டுட்டுத்தான் ஒல வைக்கறேன். கையில ஒட்டுனது வுழுந்திருக்கும்."

தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது. அவள் சிரிக்கவில்லை. இவர் வெட்கம் தாங்காமல் குழாயைப் பரணில் ஏற்றினார்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டாள். புருஷனுக்கு முன்னால் ஒரு பருக்கை தொடாதவள், அவர் தட்டிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டு, அவர் பார்க்க விழுங்கினாள். பிறகு தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"வாணாம்டி."

"இருக்கட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். எத்தனையோ தரம் கெஞ்சியும் பார்த்தார், ஒருமுறை அழுதும் பார்த்தார். மகளின் கல்யாணப் பந்தியில், அத்தனை சனத்துக்கு நடுவிலும், அவர் இலையில் முதல் பிடி அவள்தான் எடுத்தாள். அவர் படுத்த படுக்கையாகிக் கண் மூடிய அன்று, கடைசியாகக் கொடுத்த கஞ்சியிலும் ஒரு வாய் தான் குடித்துவிட்டுத்தான் அவருக்கு ஊட்டினாள்.