புளி போட்டு மினுக்கிய நிக்கல் காசு

மரியதாஸ் அண்ணை போய்விட்டார்.

காலையில் இங்கே ஜெர்மனியில், ஹம் ஸ்டேஷனில் நின்றபோது மெசேஜ் வந்தது. ரயிலை விட்டுவிட்டேன், வேலைக்கும் போகவில்லை... எங்கே போய்ச் சொல்வதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... முதியோர் இல்லத்து லாண்ட்ரியில் என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்தவர். மன்னார்க்காரர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய அமெரிக்க நிக்கல் காசு. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காசு மட்டும்தான்.

எங்கள் ஆட்கள் நகை வாங்குவார்கள், வீடு வாங்குவார்கள். இந்த மனுஷன் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஐந்து சென்ட் காசு தேடிப் பழைய சாமான் சந்தைக்கு ஓடுவார். நானும் எவ்வளவோ நக்கலடித்திருக்கிறேன்.

ஒருநாள் இடைவேளையில் 1883-ஆம் ஆண்டுக் காசு ஒன்றைக் காட்டினார். அதில் ஐந்து என்று ரோமன் எழுத்து மட்டும் இருந்தது, சென்ட் என்ற சொல்லே இல்லை. கள்ளர் அதற்குத் தங்க முலாம் பூசி ஐந்து டொலர் என்று தள்ளிவிட்டார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் தேத்தண்ணி முழுக்க யூனிபோமில் ஊற்றுப்பட்டது.

ஆனால் அவருடைய உயிர் 1867-ஆம் ஆண்டுக் காசுதான். முன்னுக்குக் கேடயம், பின்னுக்கு ஐந்தைச் சுற்றி நட்சத்திரமும் ஒளிக்கதிரும். அந்த வருடம் இடையிலேயே கதிரை எடுத்துவிட்டார்களாம், அதனால் கதிரோடு கிடைப்பது குறைவு. பதினொரு வருடம் தேடி எடுத்த காசு.

அதை எனக்குக் காட்டவென்று வேலைக்குக் கொண்டுவந்த அன்றுதான் நெஞ்சுவலி வந்தது. அம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையில் திணித்தார். "கவனம் பிள்ளை" என்றார்.

ஒப்பரேஷன் முடிந்து பிழைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காசைப் பார்த்தால் கறுத்து, மங்கிப்போய்... இதை இப்படியே கொடுப்பதா?

திருநாளுக்குக் கோயில் பித்தளைச் சாமான் மினுக்குவோமே, அதே மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு கதிராகத் தெரியத் தெரியத் தேய்த்தேன்.

கட்டிலில் படுத்தபடி வாங்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். "நல்லா மினுங்குது பிள்ளை" என்றார்.

எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வருடம் கழித்து யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்... பழைய காசை ஒருநாளும் மினுக்கக் கூடாதாம். அந்த மங்கலுக்குத்தான் மதிப்பாம். தேய்த்தால் தேய்த்ததுதான், பழையபடி ஆக்கவே ஏலாது.

ஐயோ, அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் "சும்மா எடுத்தனான் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை நேரில் போவதாகத்தான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

இன்று அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். அக்கா அழுதழுது சொன்னார்: "வீட்டை ஆர் வந்தாலும் அந்தக் காசைத்தான் முதல் எடுத்துக் காட்டுவார், எங்கட பிள்ளை மினுக்கித் தந்தது எண்டு. மிச்சமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு. அவரின்ர சவப்பெட்டிக்குப் பக்கத்தில வைக்க வேணும்... அதுகளையும் அப்பிடி மினுக்கித் தாறியோ?"

ஒன்றையும் தொடவேண்டாம், நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "சும்மாதான் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அண்ணை... உங்கட காசைக் கெடுத்தது நான்தான். இப்பதான் சொல்லுறன்.

போயிட்டு வாங்கோ.