ஒரே மைக்கில் பாட்டும் பிடிலும்

தோழிகளே, இன்று சாயங்காலம் ராயபுரத்து மைக் கடையில் லில்லி அழாத குறைதான்.

சனிக்கிழமை நம் பள்ளிப் பாட்டை இசைத்தட்டில் பதிகிறார்கள். நான் பாட வேண்டும், லில்லி பிடில் வாசிக்க வேண்டும். வாடகைக்குக் கிடைப்பதோ ஒரே மைக்.

கடைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கரித்தூள் அடைத்த கரி மைக்கை நீட்டினார். நான் பாட, லில்லி வாசித்தாள். அவர் காதில் பிடில் வெறும் இரைச்சலாம்.

"பாட்டு மட்டும் போதும் பாப்பா. பிடிலு வூட்லயே இருக்கட்டும்."

லில்லி பிடில் பெட்டியை இறுக அணைத்துக்கொண்டாள்.

"சுருள் மைக்கு ரெண்டையும் வாங்கும்னு புஸ்தகத்துல படிச்சேன் அண்ணே" என்றேன்.

"புஸ்தகமா வந்து பாடப்போவுது?"

சிரித்தபடி சுருள் மைக்கை எடுத்தவர், கரி மைக்கைக் கரித்தூள் இளகத் தட்டும் பழக்கத்தில் இதன்மேலும் கையை ஓங்கினார்.

"தட்டினா கெட்டுடும் அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

மறுபடி நான் பாட, லில்லி பக்கத்தில் நின்று வாசித்தாள்.

"பிடிலு உன் கொரலை முழுங்கிகினு கீது பாப்பா."

லில்லி வாசித்தபடியே பின்வாங்கினாள். ஏழாவது தப்படியில் கடைக்காரர் கையைத் தூக்கினார். "அங்கியே நில்லு! ரெண்டும் சோக்கா கீது!"

ஆக, லில்லியும் வாசிக்கிறாள். ஆனால் பதிவு நடக்கும் நம் பாட்டு வகுப்பறையின் நீளம் ஐந்தே தப்படி. ஏழாவது தப்படி விழுவது அடுத்த அறையில், தலைமையாசிரியை அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில்.

அவரிடம் அனுமதி கேட்கப் போகிறவர், இந்தத் தாளை அடுத்த கைக்குக் கொடுக்குமுன் கீழே பெயர் எழுதவும். எனக்குத் தொண்டையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.