ஒன்பது கொட்டை, எட்டுத் தலை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் அஞ்சு மணி இருக்கும். என்ட மடியில் ஒன்பது புளியங்கொட்டை இருந்தது. தண்ணீரில் எட்டுத் தலைதான் இருந்தது.

திரும்ப எண்ணினேன். எட்டு. கண்ணைத் துடைத்துப்போட்டு இன்னொரு தரம்... எட்டு!

நான் வாயால் சொல்ல, பேப்பர்க்காரர் எழுதிப் போடுகிற கதைகளை வாரம் தவறாமல் வாசிக்கிற உங்களுக்கு எங்கட வீட்டுத் தொட்டியைத் தெரியும். தெரியாத ஆட்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கட வாவிக்கரை வீட்டில் முன்பு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. வளவின் பின்பக்கம் நீந்துவதற்கென்று ஒரு தொட்டி கட்டினார்கள். பிறகு போய்விட்டார்கள். தொட்டியைச் சுருட்டிக்கொண்டு போக ஏலுமா? அது நின்றுவிட்டது. இப்போது என்ட மகள் மாலதி அதில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறாள். வாசலில் அவள் மாட்டின பலகையில் 'நீச்சல் தடாகம்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது தொட்டிதான்.

எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினதும் இல்லை. ஆனால் காவல் நான்தான்!

ஆழமான பக்கத்தில் நான் குந்தியிருக்கிற பிளாஸ்டிக் கதிரை. ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கினால் டின்னுக்குள்ளிருந்து ஒரு புளியங்கொட்டை என்ட மடிக்கு வரும். பிள்ளை ஏறினால் கொட்டை டின்னுக்குத் திரும்பிப் போகும். இடையிடையே தலைகளை எண்ணுவேன். பிறகு மடியைத் தடவிக் கொட்டைகளை எண்ணுவேன். ரெண்டும் ஒத்துப்போக வேணும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் இந்த எண்ணிக்கையில் என்னை ஒருவரும் பிழை பிடித்ததில்லை.

அன்றைக்கு ஒத்துப்போகவில்லை.

மாலதியைக் கூப்பிட வாயைத் திறந்தேன் — எந்தப் பிள்ளையைக் காணவில்லை என்று சொல்ல? அவள் ஆழமில்லாத மற்றத் தொங்கலில் ஒரு பிள்ளைக்குக் கால் அடிக்கப் பழக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் தொட்டியின் அடியைப் பார்க்கிறேன். பூச்சு கழன்று, கறுப்பும் பழுப்புமாகப் பாசி பிடித்து, தேமல் விழுந்த தரை. அதில் எது கறை? எது பிள்ளை?

அந்தக் கறுப்புக்குள் ஒரு கறுப்பு அசைந்தது. சட்டென்று ஒரு தலை வெளியே வந்தது.

"ஆச்சி! அடியில படுத்துக்கிடந்து ஒண்டிலிருந்து இருபது மட்டும் எண்ணினன்! கண்டீங்களா?"

நிலானி. எட்டு வயது. பல்லெல்லாம் சிரிப்பு.

"கண்டன் புள்ள" என்றேன்.

பொய். நான் காணவில்லை.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபது மட்டும் எண்ணினாளே... அறுபது மட்டும் எண்ணியிருந்தால்? எண்ண ஏலாமல் கிடந்திருந்தால்? நான் அப்போதும் மடியைத் தடவிக்கொண்டுதானே இருந்திருப்பேன்?

விடிந்ததும் மாலதியிடம் சொன்னேன்: "தரையை மாத்திப் பூசுற மட்டும் ஒரு பிள்ளையும் இறங்கப்படாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வருசமா நான் செல்லுறன், பூச்சு பழசாப் போச்செண்டு. அப்ப எல்லாம் 'இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும்' எண்டீங்க. இப்ப என்னம்மா திடீரெண்டு?"

"தரை கேடு கெட்டுக் கிடக்கு. அவ்வளவுதான்."

நிலானியின் கதையைச் சொல்லவில்லை. பயந்த மனிசருக்குக் குற்றம் சொல்ல ஏதாவது ஒன்று வேணும். எனக்குத் தரை கிடைத்தது.

ஓட்டமாவடியிலிருந்து நவாஸ் வந்தார். ஹோட்டல்களில் தொட்டி பூசுகிறவர். கையில் ஒரு தடித்த புத்தகம் — பக்கத்துக்குப் பக்கம் தொட்டிப் படம். எல்லாம் இங்கிலிஷ். நான் படம் மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் உச்சி வெயில்! எங்கட வகுப்பு நடக்கிறது வேப்பமர நிழல் விழுகிற பின்னேரத்தில். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

லண்டனில் இருக்கிற மகன் தவமும் போனில் சேர்ந்துகொண்டான். புத்தகத்தை மாலதி கமராவுக்கு நேரே பிடிக்க, அவனுக்குப் பிடித்தது கறுப்புக் கூழாங்கல் பூச்சு.

"அம்மா, இப்ப பெரிய ஹோட்டலெல்லாம் இதுதான். பார்க்க அப்படியே வாவி மாதிரி இருக்கும்."

"வாவி பின்னால கிடக்குது மனே. அதுக்குள்ள விழுந்த ஆளைத் தேடுறதுக்கு எத்தினை வள்ளம் இறங்க வேணுமெண்டு உனக்கு மறந்துபோச்சா?"

அவன் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னான். வாவிக்கரையில் பிறந்தவன்தானே.

நவாஸ் அவசரப்பட்டார். அதற்கும் காரணம் இருந்தது. மாரி தொடங்கப்போகிறது. வாவி கடலோடு சேருகிற வாய் மண் மூடிக் கிடக்கிறபோது மழை பெய்தால் வாவி ஏறும். வாவி ஏறினால் எங்கட கிணற்றில் குனிந்து கையால் அள்ளலாம். அவ்வளவு தண்ணீர் நிலத்துக்குக் கீழே!

"அந்த நேரம் தொட்டி வெறுமையாக் கிடந்தா, கீழ்த்தண்ணி அப்படியே மேல தூக்கிரும்மா. வள்ளம் மாதிரி மிதக்கும். வெடிச்சுப் போகும்."

பார்த்தீர்களா, தண்ணீர் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்!

"எபொக்சி பெயின்டெண்டா நல்லாக் காயவிட வேணும், ஒரு கிழமை போகும். டைல்ஸ் ஒட்ட இன்னும் கூட. வெள்ளைச் சீமெந்தும் மாபிள் தூளும் சேர்த்துப் பூசினா அடுத்த நாளே தண்ணி விடலாம். ஆனா கறை பிடிக்கும், அடிக்கடி தேய்க்க வேணும்" என்றார் நவாஸ்.

"தம்பி, புத்தகம் வேணாம். நாலிலயும் ஒவ்வொரு துண்டு பூசிக் கொண்டு வாங்க. தண்ணிக்குள்ள வைச்சுப் பார்ப்பம்."

சிரித்தார். ஆனாலும் நாலாம் நாள் நாலு பலகைத் துண்டோடு வந்தார். கறுப்புக் கூழாங்கல், நீல டைல்ஸ், சாம்பல் நிறப் பெயின்ட், வெள்ளைப் பூச்சு.

அஞ்சு மணியாகும் மட்டும் அவரைக் காக்கவைத்தேன். பிள்ளைகள் போடுகிற கருநீல நீச்சல் தொப்பிகளுக்குள் கல்லை வைத்துக் கட்டினேன். கல் வைத்தால் தொப்பிக்கு ஒரு தலையின் உருவம் வந்துவிடுகிறது... மாலதி இறங்கிப் பலகைகளை ஆழத்தில் வரிசையாக வைத்தாள். எந்தப் பலகையில் தொப்பி வைக்கிறாள் என்று எனக்குச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டேன். நான் என்ட கதிரையில். நவாஸ் எனக்குப் பின்னால்.

"கறுப்பு?" என்றாள் மாலதி, தண்ணீரில் நின்றபடி.

"ஒண்டுமில்ல."

"இருக்குதும்மா. நீலம்?"

"அதிலயும் இல்ல."

"இருக்கு. சாம்பல்?"

"என்னமோ கிடக்கு... மர நிழலோ?"

"நிழலில்ல. தொப்பி. வெள்ளை?"

பார்த்தவுடனே தெரிந்தது! கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "இருக்கு! ஒண்டு இருக்கு! பார்த்தீங்களா தம்பி? நான் செல்லல்லியா, தரையிலதான் பிழையெண்டு?"

நவாஸ் எனக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா... அதில ரெண்டு வைச்சிருக்கன்."

"விசர்க் கதை கதையாத. ஒண்டுதான்."

"ரெண்டும்மா. இடையில ஒரு சாண் இருக்கு."

திரும்பினேன். "தம்பி, உங்களுக்கு எத்தினை தெரியுது?"

நவாஸ் நிலத்தைப் பார்த்தார். "ரெண்டும்மா" என்றார், மெதுவாக. அந்த மெதுவில்தான் எனக்கு எல்லாம் விளங்கினது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

உங்களிடம் ஒளிப்பானேன்? மாதக்கணக்காக லைட்டைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. பல்ப் சரியில்லை என்று மூன்று தரம் மாற்றினேன். பஸ்ஸின் பலகை தெரியாவிட்டால், நமக்குத்தான் எழுத்து மட்டுமட்டாயிற்றே என்று நினைத்தேன். கொட்டைகளை விரலால் தடவி எண்ணுகிறவளுக்குக் கண் போவது எப்படித் தெரியும்? மடிக் கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை. தண்ணீரில் தலைகளை எத்தனை நாள் குத்துமதிப்பாக எண்ணினேனோ... யாருக்குத் தெரியும்?

நல்ல வேளை, நல்ல வேளை என்று எத்தனை பின்னேரம் தப்பிப் போயிருக்கும்!

தொட்டிக்கு வெள்ளைப் பூச்சுத்தான் என்று முடிவானது. நவாஸின் ஆட்கள் பழைய பூச்சைக் கொத்தி எடுத்த நாட்களில் நான் விடிய விடியக் கிணற்றை எட்டிப் பார்த்தபடியே திரிந்தேன். வானம் கறுத்தது. பெய்யவில்லை. பூசி முடித்த அடுத்த நாள் தண்ணீர் விட்டார்கள். தொட்டி நிறைந்த பிறகுதான் மூச்சு விட்டேன். முதல் மழை அன்று பின்னேரமே வந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்த டொக்டர், ரெண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கு, ஒப்பரேசன் செய்ய வேணும் என்று திகதி கொடுத்தார். கண்ணில் கத்தி வைப்பார்களாம். ஆனால் அதைவிடப் பயமான வேலை ஒன்று எனக்குப் பாக்கி இருந்தது.

நிலானியின் தாயைக் கூப்பிட்டேன். "இஞ்ச வாகா. ஒரு கதை செல்ல வேணும்." எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது கொட்டை, எட்டுத் தலை, "கண்டன் புள்ள" என்ற பொய் — எல்லாம்.

அவளுக்கு முகம் வெளிறிப்போனது. "ஒரு மாசமாச் செல்லாம இருந்தீங்களே ஆச்சி?"

ஏசினால் ஏசட்டும் என்று நின்றேன். அவள் ஏசவில்லை. கையை நீட்டினாள்.

"தாங்க அந்த டின்னை."

நேற்று வகுப்பு திரும்பத் தொடங்கியது. ஆழமான பக்கத்துக் கதிரையில் அவள். கொட்டை அவளுடைய மடியில். மற்றத் தொங்கலில் இன்னொரு தாய். தரை பால் மாதிரிக் கிடக்கிறது. எனக்குச் சுவரோரம் வேறு கதிரை போட்டார்கள். சும்மா இருந்து பழக்கமில்லை எனக்கு. கை மடியைத் தடவுகிறது, தடவுகிறது... வெறும் சீலை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருசம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொட்டை வைத்தேன். பழக்குகிறவளும் அந்தத் தண்ணீருக்குள்தானே நிற்கிறாள்? அவளை யார் எண்ணினது?

மாலதி போடுவது நல்ல சிவப்புத் தொப்பி. அது மட்டும் என்ட கண்ணுக்குப் பிடிபடுகிறது.

டின்னிலிருந்து ஒரே ஒரு கொட்டை கேட்டு வாங்கிக்கொண்டேன்.